விண்டோவை யூசர் இழுக்கும்போதே அது திரைக்கு வெளியே போகாமல் தடுக்க முடியுமா?

விண்டோஸில் தாராளமாக முடியும். நீங்கள் வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோ வரையும் பழைய வழி) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் லொக்கேஷன் சேஞ்ச்ட் ஈவென்ட்டுக்குள் இடத்தை மாற்றி எழுதியிருப்பீர்கள், விண்டோ வெடவெடவென்று துடித்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஈவென்ட் வருவதே நகர்ந்து முடிந்த பிறகுதான். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, மவுஸ் மறுபக்கம் இழுக்க, துடிக்காமல் என்ன செய்யும்?

நகரும் முன்பே பிடிக்க வேண்டும். இழுக்கும்போது டபிள்யூஎம்_மூவிங் என்ற மெசேஜ் வரும். விண்டோ போகவிருக்கும் செவ்வகம் அதன் எல்பேரமில், அதாவது மெசேஜோடு வரும் தகவலில், இருக்கும். விண்டோவுக்கு வரும் மெசேஜ்களை வாங்கும் விண்ட்ப்ராக் ஃபங்ஷனை ஓவர்ரைடு செய்து, அதைத் திருத்தி எழுதி, ட்ரூ திருப்பினால் போதும். இடதை எவ்வளவு நகர்த்துகிறீர்களோ வலதையும் அவ்வளவே நகர்த்துங்கள்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனிக்கு எடை போட்டு பில் அடிக்கும் புரோகிராம் எழுதினேன். படகுக்காரர்களைப் பார்த்துத் திருப்பி வைத்த இரண்டாவது மானிட்டரில் தராசின் எடை ஒரு சின்ன விண்டோவில் ஓடும். கணக்குப்பிள்ளை அதை ஓரத்துக்கு இழுத்துவிடுவார். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் விளிம்புக்குள் போய்விடும். "என்னண்ணே, கிராமை மட்டும் ஒளிச்சு வச்சிட்டீகளா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் மொத்த வரிசையும் சண்டைக்கு நிற்கும்.

இணையத்தில் கிடைக்கும் புரோகிராம் கோடெல்லாம் 'எக்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு' என்கிறது. முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் வைத்த மானிட்டரில் எக்ஸ் மைனஸில்தான் இருக்கும். அந்தக் கோடு எடை விண்டோவைக் கணக்குப்பிள்ளை திரைக்கே தூக்கிப் போட்டுவிடும். அந்தந்த ஸ்க்ரீனின் வொர்க்கிங் ஏரியாவோடு ஒப்பிடுங்கள், டாஸ்க்பாரும் கழிந்துவிடும். அப்புறம், விளிம்பில் விண்டோ நின்றாலும் மவுஸ் நிற்காது, பிடித்த இடம் விலகிக்கொண்டே போகும். அதனால் இழுக்கத் தொடங்கியதும் வரும் எண்டர்சைஸ்மூவ் மெசேஜிலேயே மவுஸுக்கும் விண்டோ மூலைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டு, கர்சர் இடத்திலிருந்தே கணக்கிடுங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அமுக்கி அடுத்த திரைக்குத் தாவுகிறவர்களுக்கு மூவிங் வராது, விண்டோபாஸ்சேஞ்சிங் என்ற மெசேஜைப் பிடிக்க வேண்டும்.

'யூசரின் விண்டோவை அடக்க நீ யார்' என்று வருகிறவர்களுக்கு: எல்லா விண்டோவையும் கட்டிப்போடச் சொல்லவில்லை. நகராமலே வைத்திருக்கலாமே என்றால், அதே திரையில் விலைப்பட்டியலும் ஓடுகிறது, கொஞ்சம் தள்ளி வைக்க இடம் வேண்டும். லினக்ஸில் திரையைக் கவனிப்பது வேலேண்ட் என்ற புது முறை என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே விண்டோவுக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது.

இவ்வளவும் செய்து கொடுத்தும் பாதிப் பணம் வரவில்லை. கேட்டால் "தடைக்காலம் தம்பி" என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். இவர்களுக்கு நண்டு வருவது நாட்டுப்படகில். நான் போய் நின்றபோதுகூட பின்னால் நண்டு அவிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கென்ன தெரியாதா?

சரி, நீங்கள் வின்ஃபார்ம்ஸுக்குப் பதில் டபிள்யூபிஎஃப்பில் எழுதுகிறீர்கள் என்றால் விண்ட்ப்ராக் நேரடியாகக் கிடைக்காது. ஹெச்விண்ட்சோர்ஸில் ஆட்ஹுக் போட்டு இதே மெசேஜ்களைப் பிடியுங்கள்.