ராகு விழுங்குவதாக நம்பியவர்கள் கிரகணத்தைச் சரியாகக் கணித்தார்களே, அப்படியானால் புராணமும் உண்மைதானே?

இல்லை. கணக்கு வேறு, கதை வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன, அவ்வளவுதான்.

1825-இல் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களை வைத்தே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். பதிவு செய்தவர், மெட்ராஸ் வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன். தொடக்க நேரத்தில் பிழை சுமார் 4 நிமிடம்தான்! (முடிவு நேரம் 52 நிமிடம் பிசகியது, அதை யாரும் பகிர்வதில்லை.)

அந்தக் கணக்கில் ராகு பாம்பல்ல. நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் புள்ளி. கிரகணம் நிழல்தான் என்று 499 வாக்கிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். 628-இல் இன்னொரு வானியலாளரான பிரம்மகுப்தர், ராகுவை மறுப்பது வேதத்துக்கு விரோதம் என்று கண்டித்தார். ஆனால் அவரும் கணித்தது பூமி நிழலின் விட்டத்தை வைத்துத்தான்.