44871: எண் மாற்றும் முன் படத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் ஹார்ன்பி நிறுவனத்தின் பழைய ‘பிளாக் ஃபைவ்’ நீராவி இன்ஜின் மாடல் இருக்கிறது. டெண்டருக்குள் (இன்ஜினின் பின்னே வரும் கரி, தண்ணீர் வண்டி) மோட்டார் உள்ள ரகம், பிரிட்டிஷ் ரயில்வே கறுப்பு. அதை 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வேயின் கடைசி நீராவி ரயிலைக் கார்லைலிலிருந்து மான்செஸ்டருக்கு இழுத்த இரு இன்ஜின்களில் ஒன்றான 44871 ஆக்க ஆசை. எண்ணை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. 1934 முதல் 1951 வரை 842 பிளாக் ஃபைவ்கள் கட்டப்பட்டன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஏராளம். பணிமனையில் கொதிகலன்களும் இன்ஜின் விட்டு இன்ஜின் மாறின. 1968இல் எடுத்த படம்தான் வேண்டும். பாதுகாக்கப்பட்டுள்ள 44871இன் இன்றைய படம் ஏமாற்றிவிடும். டெண்டரில் ரிவெட் வரிசை உண்டா, முன்பக்கம் மேல்விளக்கை மாட்டும் கொக்கி எங்கே என்று கவனியுங்கள். மேலே மின்கம்பி வந்தபின் பல இன்ஜின்களில் அந்தக் கொக்கியைக் கீழே இறக்கினார்கள். மின்கம்பி எச்சரிக்கைத் தகடுகளும் ஒட்டினார்கள்.

பழைய எண்ணை எடுக்க, எனாமல் தின்னரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றுங்கள். மை இளகியதும் பல்குத்தும் மரக்குச்சியால் சுரண்டுங்கள். எண்ணைச் சுற்றியுள்ள சிவப்புக் கோட்டை டேப் ஒட்டிக் காக்க முடியாது, தின்னர் அடியில் ஊறிவிடும். ஆகவே சிறு பஞ்சு, பொறுமை. அசிடோனும் செல்லுலோஸ் தின்னரும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கே கரையும்.

அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒருநாள் காயவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் டிரான்ஸ்ஃபர் (புது எண்களுக்கான மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதலில் நடு எண்ணான 8ஐ வைத்து, இருபுறமும் இடைவெளி பிடியுங்கள். நிஜ இன்ஜினின் 8 அங்குல எண் உங்கள் மாடலின் 1:76 அளவில் 2.7 மி.மீ., 10 அங்குல எண் 3.3 மி.மீ.; எது என்று படம் சொல்லும். காய்ந்ததும் மேலே சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ். முகப்பு எண்ணுக்குச் செதுக்கிய உலோகத் தகடே அழகு.

கேள்வி: வார்ப்போடு வந்த கைப்பிடிக் கம்பியை மாற்றலாமா?

பதில்: அவசியம் மாற்றுங்கள், இன்ஜினின் முகமே மாறிவிடும். வார்ப்புக் கம்பியைச் சீவுவதற்கு முன்பே ஊசியால் துளை இடங்களைக் குறித்துவிடுங்கள். பிறகு அளவு கிடைக்காது. வளைந்த பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சீவி, 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். கைத்துரப்பணத்தால் துளையிட்டு, கம்பியைத் தாங்கும் குமிழ்களைப் பொருத்தி, 0.45 மி.மீ. பித்தளைக் கம்பியைக் கோத்துவிடுங்கள். சூப்பர் குளூவின் ஆவி ஜன்னலை வெண்மையாக்கும். ஜன்னல் பிளாஸ்டிக்கை முதலிலேயே கழற்றுங்கள். எஃகுக் கம்பி வேண்டாம்: அதன் துகளை டெண்டர் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.