கட்டணம் வாங்கும் கடன் நிறுவனமா, இலவச ஆலோசனையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இலண்டனில் இருக்கும் என் மகனுக்குக் கடனட்டைகளிலும் வங்கிக் கடனிலுமாக ஏறத்தாழ 9,000 பவுண் கடன் இருக்கிறது. எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு மாதம் 200 பவுண் கட்டி வருகிறான். அதில் 35 பவுண் அவர்களுடைய கட்டணம் என்பது இப்போதுதான் தெரியவந்தது. என்னிடம் கொஞ்சம் நகை இருக்கிறது. அவன் பெயரில் இங்கே நான்கு பரப்புத் தோட்டக் காணியும் உண்டு. நகையை விற்றோ காணியை ஈடு வைத்தோ பணம் அனுப்பிவிடலாமா? இலவச ஆலோசனை தரும் இடங்கள் இருப்பதாக அவனுடைய நண்பர் சொல்கிறார். அவற்றை நம்பலாமா? – பெயர் குறிப்பிட விரும்பாத தாய், உரும்பிராய்

பதில்: அம்மா, நகையிலும் காணியிலும் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மகன் முதலில் இலவச ஆலோசனை நிலையம் ஒன்றோடு பேசட்டும். அதற்குப் பிறகும் பணம் தேவைப்பட்டால் அனுப்பலாம்.

நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர்கள் வட்டியை நிறுத்திவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 200 பவுண் முழுவதும் கடனுக்குப் போனால் 9,000 பவுண் 45 மாதங்களில் தீரும். 35 பவுணைக் கட்டணமாகக் கழித்துவிட்டு 165 பவுண் மட்டும் போனால் ஏறத்தாழ 55 மாதங்கள் ஆகும். அதற்குள் கட்டணமாக மட்டும் 1,900 பவுணுக்கு மேல் போய்விடும். அந்தக் கட்டணத்துக்கு அவர்கள் செய்வது என்ன? வரவு செலவைப் பார்த்து ஒரு தொகையைத் தீர்மானிப்பது, கடன் கொடுத்தவர்களுக்கு எழுதுவது, மாதப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது. இதே வேலையை அங்கே ஒரு சதமும் வாங்காமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் 1993 முதல் இதைச் செய்து வருகிறது. பேபிளான் என்ற நிறுவனமும் கட்டணமில்லாமல் இதே திட்டத்தை நடத்துகிறது. நேஷனல் டெப்ட்லைன் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. நேரில் பேச விரும்பினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்கள் உள்ளன. இலவசம் என்றால் பின்னால் ஏதோ இருக்கும் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஸ்டெப்சேஞ்சுக்கும் பேபிளானுக்கும் முக்கியமாகப் பணம் கொடுப்பவை வங்கிகளும் கடனட்டை நிறுவனங்களுமே. கடனாளி ஒழுங்காகக் கட்டினால் அவர்களுக்கும் பணம் திரும்பி வருகிறது என்பதே காரணம். ஆகவே மகன் கட்டும் பணம் முழுவதும் கடனுக்கே போகும்.

கட்டணம் வாங்கும் எல்லா நிறுவனங்களையும் மோசடி என்று சொல்ல முடியாது. 2014 ஏப்ரல் முதல் அங்கே நிதி நடத்தை அதிகார சபையின் அனுமதியில்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது. மகனின் நிறுவனம் அந்தச் சபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் அனுமதி பெற்ற நிறுவனமாக இருப்பதும், அதற்குக் கட்டணம் கொடுப்பது அவசியமாக இருப்பதும் ஒன்றல்ல. தரகு ஆசையில் மக்களைப் பொருந்தாத திட்டங்களுக்குள் தள்ளிய நிறுவனங்கள் அங்கே பல இருந்ததாலேயே, கடன் ஆலோசனையை மட்டும் சொல்லி ஆட்களைக் கைமாற்றிவிடும் நிறுவனங்கள் பரிந்துரைக் கட்டணம் வாங்குவது 2023 ஒக்டோபரில் தடைசெய்யப்பட்டது.

காணி விடயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் நிவாரண ஆணை என்று ஒன்று உண்டு. கடன் 50,000 பவுணுக்கு மேற்படாமலும், அத்தியாவசியச் செலவு போக மாதம் 75 பவுணுக்கு மேல் மிஞ்சாமலும், சொத்து 2,000 பவுணுக்கு மேற்படாமலும் இருப்பவர்களுக்கு, ஓராண்டு கழிந்ததும் அந்தக் கடன்கள் நீக்கப்படும். 2024 ஏப்ரல் முதல் இதற்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் சொத்து என்னும்போது உரும்பிராயில் இருக்கும் நான்கு பரப்பும் அதில் சேரும். “ஊரிலை இருக்கிறது அங்கை ஆருக்குத் தெரியும்” என்று யாராவது சொன்னால் அதைக் கேட்கவே வேண்டாம். சொத்தை மறைப்பது அங்கே குற்றம். ஆலோசகரிடம் முதல் நாளே காணியைப் பற்றிச் சொன்னால், அதை விற்காமலே மாதத் தவணையாகக் கட்டும் முகாமைத் திட்டம் போன்ற பொருத்தமான வழியை அவர் காட்டுவார்.

வாடகை, நகரசபை வரி, மின்சாரம் ஆகியவையே அங்கே முதலில் கட்ட வேண்டியவை. கடனட்டைக் கடனுக்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் அந்தக் கடனுக்காக வீட்டுக்கு வந்து பொருட்களை எடுக்கவும் முடியாது. நீங்கள் பிணை நின்று கையெழுத்திடாதவரை உங்களிடமும் யாரும் கேட்க முடியாது. மகனுக்கு மூச்சுவிட அவகாசம் வேண்டுமானால், ஆலோசகர் ஊடாக 60 நாள் தடைக் காலத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அறவீட்டு நடவடிக்கையும் நிறுத்தப்படும்.

புதிய திட்டம் ஒழுங்காகும் முன்னர் பழைய நிறுவனத்துக்குக் கட்டுவதைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். இதுவரை கட்டிய பணத்தில் எவ்வளவு யாருக்குப் போனது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பின்னாளில் நகையை விற்று ஒரு தொகை அனுப்ப நீங்கள் தீர்மானித்தால், குறைந்த தொகையில் கணக்கை முடிக்கக் கடன் கொடுத்தவர் சம்மதித்ததை எழுத்தில் பெற்ற பிறகு, அவருக்கே நேரடியாகக் கட்டுங்கள்.

கேள்வி: நுண்கடன் தவணை தவறியதால் கிறிப்பில் என் பெயர் ஏறிவிட்டது. 15,000 ரூபா தந்தால் பெயரை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: கொடுக்க வேண்டாம். கிறிப் என நாம் சொல்லும் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் இயங்குவது. அங்குள்ள விபரங்களைக் கொடுப்பது கடன் தந்த நிறுவனம். உண்மையான பதிவை எந்த முகவராலும் அழிக்க முடியாது. பதிவு பிழையென்றால் உங்கள் அறிக்கையை நீங்களே பெற்று, கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அடுத்து எங்கே முறையிடுவது என்று கேளுங்கள். தவணையைக் குறைத்துக் கேட்கும் கடிதத்தை எழுதச் சிரமமாக இருந்தால், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குக் கடன் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.