ரோஸ்லினில் ஓர் அரை நாள்: எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

வாசகி ஒருவரின் கேள்வி: "ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மூன்று நாள் தங்குகிறோம். கூட 70 வயது அம்மா. மூட்டு வலி உண்டு. 'த டா வின்சி கோட்' படம் பார்த்த நாளிலிருந்து ரோஸ்லின் சாப்பல் என்ற பழைய தேவாலயத்தைப் பார்க்க ஆசை. அரை நாள் போதுமா? கார் எடுக்க வேண்டுமா? அங்கே சொல்லும் கதைகளில் எவ்வளவு உண்மை?"

அரை நாள் தாராளம். கார் வேண்டாம். கதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் போகும் வழி.

எடின்பரோ நகர மையத்திலிருந்து லோதியன் பஸ் 37 ரோஸ்லின் கிராமத்துக்கு வருகிறது. முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே "ரோஸ்லின் போகுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுவது நல்லது. மீதிச் சில்லறை கிடைக்காது. வங்கி அட்டையைக் காட்டினால் போதும். இறங்கிய இடத்திலிருந்து சிறிது தூரம்தான் நடை. ஆகஸ்ட் எடின்பரோவில் திருவிழாக் காலம், ஊரே நிரம்பி வழியும். அதனால் நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை போக வேண்டாம். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது, பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். உள்ளே படம் எடுக்கவும் அனுமதி இல்லை. என் அனுபவத்தில் அது ஒரு வரம். கேமராவுக்குப் பதில் சின்ன பைனாகுலர் கொண்டு போங்கள், பாதிச் சிற்பங்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன.

நுழைந்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான். நீளம் சுமார் 21 மீட்டர், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். 1446-இல் இதைத் தொடங்கிய வில்லியம் சின்க்ளேர் பிரபு சிலுவை வடிவில் பெரிய கோயிலாகத்தான் நினைத்திருந்தார். 1484-இல் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. நாம் பார்ப்பது அந்தத் திட்டத்தில் பீடத்தை ஒட்டிப் பாடகர் குழு அமரும் பகுதி மட்டும். வெளியே மேற்குப் பக்கம் போனால், தொடராமல் விட்ட சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது.

சரி, உள்ளே எங்கிருந்து தொடங்குவது? வழிகாட்டிகள் அவ்வப்போது பெஞ்சுகளில் உட்கார வைத்துப் பேசுவார்கள். அம்மாவுக்கும் வசதி, முதலில் அதைக் கேளுங்கள். பிறகு நேராகக் கிழக்குக் கோடிக்குப் போய், பீடத்தைப் பார்த்து நின்று வலது பக்கம் திரும்பினால் 'சீடன் தூண்'.

இதன் முன்னால் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். அடியிலிருந்து பார்வையை மேலே கொண்டு போங்கள். தூணின் காலடியில் எட்டு டிராகன்கள் சுற்றிப் படுத்திருக்கின்றன. அவற்றின் வாயிலிருந்து கொடிகள் கிளம்புகின்றன. நான்கு இலைப் பட்டைகள், பூச்சரத்தைத் தளர்த்திச் சுற்றியது போல, தூணை ஒட்டாமல் ஒட்டி மேலே ஏறுகின்றன. பட்டைக்கும் தூணுக்கும் நடுவே நிழல் விழும் அளவுக்குக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். வேரை டிராகன் கடிக்கும், நார்வே பக்கத்துப் பழைய நார்ஸ் புராணத்து உலக மரம்தான் இது என்கிறார்கள் சிலர். சின்க்ளேர் குடும்பம் ஆர்க்னி தீவுகளை ஆண்டது, அந்தத் தீவுகளோ வெகுகாலம் நார்வேயின் கையில் இருந்தவை. ஆகவே அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கதை இதுதான். இப்படி ஒரு தூணைச் செய்யத் தலைமைக் கல்தச்சருக்குத் தைரியம் வரவில்லை. மூல மாதிரியைப் பார்த்து வர வெளிநாடு போனார். அதற்குள் சீடப் பையன் கனவில் கண்டபடி தானே செதுக்கி முடித்துவிட்டான். திரும்பி வந்த குரு பொறாமையில் சுத்தியலால் அவன் தலையில் அடித்துக் கொன்றார். மேற்கு முனையில் உயரத்தில் நெற்றிக் காயத்தோடு ஒரு முகம் இருக்கிறது. அது பையன், பக்கத்தில் அழுகிறவள் அவன் தாய், எதிர் மூலையில் குரு. சீடனின் தூணையே காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது குருவுக்குத் தண்டனையாம். பைனாகுலர் இதற்குத்தான்.

நடந்ததா? பிரான்சில் ருவான் நகரத்து சேன்ட்-உவான் கோயிலிலும் வட்டக் கண்ணாடி ஜன்னலை வைத்து இதே குரு-சீடன் கொலைக் கதையைச் சொல்கிறார்கள். கல்தச்சர்களோடு ஊர் ஊராக நடந்த கதை இது. இந்தத் தூணுக்கே ஒரு காலத்தில் 'இளவரசர் தூண்' என்றும் பெயர் இருந்தது.

டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்கள், இயேசு கடைசி விருந்தில் பயன்படுத்தியதாகச் சொல்லும் புனிதக் கிண்ணத்தை இங்கே ஒளித்து வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஒரு கணக்குப் போதும். அந்த அமைப்பைப் போப்பாண்டவர் கலைத்தது 1312. இங்கே வேலை தொடங்கியது 134 வருடம் கழித்து. 'த டா வின்சி கோட்' நாவல் 2003-இல் வந்த பிறகுதான் கிண்ணம் தேடி வரும் கூட்டம் பெருகியது.

மக்காச்சோளக் கதை இதைவிடச் சுவாரசியம். தெற்கு நடைபாதையில் ஒரு ஜன்னல் வளைவில் சோளக் கதிர் போலவே செதுக்கியிருக்கிறது. மக்காச்சோளமோ அமெரிக்கப் பயிர், கொலம்பஸ் அங்கே கப்பல் ஏறியது 1492-இல். அப்படியானால் வில்லியமின் தாத்தா ஹென்றி முன்பே அமெரிக்கா போய் வந்தாரா? போனார் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். அது பூ வேலைப்பாடாகவோ கோதுமைக் கட்டாகவோ இருக்கலாம் என்கிறார்கள் தாவரம் தெரிந்தவர்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் நேரில் பார்க்கும்போது ஒரு நிமிடம் சந்தேகம் வரும், அதை மறைக்கவில்லை.

கதைகளை விட எனக்குப் பிடித்தது இரண்டு உத்தரக் கற்கள். ஒன்று சீடன் தூணிலிருந்து தெற்குச் சுவருக்குப் போகிறது. அதில் லத்தீனில், மது வலியது, அரசன் அதைவிட வலியவன், பெண்கள் இன்னும் வலியவர்கள், உண்மை எல்லாவற்றையும் வெல்லும் என்று பொறித்திருக்கிறார்கள். அருகிலேயே இன்னொன்றில் ஒரு பக்கம் நற்செயல்கள், மறுபக்கம் ஏழு பாவங்கள். அதில் பேராசை நற்செயல்களின் வரிசையிலும், ஈகை பாவங்களின் வரிசையிலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கல்லைத் திருப்பி வைத்த தவறா, குறும்பா? யாரும் ஒப்புக்கொள்ளவில்லை! வாயிலிருந்து கொடி வழியும் 'பச்சை மனிதன்' முகங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எண்ண முயல வேண்டாம், பத்து கண்டுபிடித்தால் போதும். பேக்பைப் என்ற பை வைத்த ஊதுகருவியை வாசிக்கும் தேவதையையும், சாத்தானாக வீழ்ந்த தேவதை லூசிஃபர் தலைகீழாகக் கட்டுண்டிருப்பதையும் வழிகாட்டியிடமே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. சீடன் தூணை ஒட்டிக் கீழ் அறைக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, தேய்ந்தவை. அவர் மேலேயே உட்காரட்டும். நீங்கள் மட்டும் இறங்கிப் போய்ச் சுவரைப் பாருங்கள், கல்தச்சர்கள் கீறிய வேலை வரைபடங்கள் இன்னும் தெரிகின்றன. அப்புறம், ஆகஸ்டிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

கல்லெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறதே என்று யோசிப்பீர்கள். அது அசல் நிறம் இல்லை. 1950-களில் சிற்பங்களைக் காப்பதாக நினைத்து சிமென்ட் கலவையைப் பூசினார்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. 1997-இல் கட்டடத்துக்கு மேல் இரும்புக் கூரை போட்டுக் கல்லை மெதுவாகக் காய விட்டு, 2010-இல்தான் எடுத்தார்கள்.

அந்தப் பழுதுவேலையின்போது உச்சியில் இரண்டு கோபுர முனைகள் உள்ளே பொள்ளலாக இருப்பது தெரியவந்தது. தேனீக்களுக்காகவே குடைந்த கூடுகள். அதில் ஒன்றுக்குள் தேனீ நுழைய, கல்லில் செதுக்கிய ஒரு பூவின் நடுவே துளை. மனிதர் தேன் எடுக்க வழியே வைக்கவில்லை. புறப்படும் முன் வெளியே நின்று அந்த உச்சியை அம்மாவுக்கும் காட்டுங்கள். தரையிலிருந்து அந்தப் பூ தெரியாது.