கடல் சிலந்தியின் குடலைக் காலில் தேடுங்கள்

"ஸ்பிரிட்டில் பதப்படுத்திய கடல் சிலந்தி ஒன்றை அறுத்துப் பார்த்தேன். உடம்புக்குள் இரைப்பை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, நரம்பும் அகப்படவில்லை. எங்கே வெட்டுவது?" என்று விலங்கியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

காலை வெட்டுங்கள். கடலில் வாழும், நீண்ட கால்களுள்ள இந்தக் கணுக்காலிப் பிராணிக்கு நடு உடம்பு பேருக்குத்தான், கால்களை மாட்டிவைக்க ஒரு தண்டு, அவ்வளவே. உள்ளே ஓடும் நடுக்குடலிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிளை பிரிந்து, பல இனங்களில் கிட்டத்தட்ட கால் நுனிவரை போகிறது. வாயாக முன்னே நீண்டிருக்கும் உறிஞ்சுகுழலின் உட்புறம் அடர்ந்த முட்கள் உணவை அரைத்து வடிகட்டிவிடுவதால் குடலுக்கு வந்து சேர்வது வெறும் கூழ்தான், அதைக் குடல்சுவரின் செல்களே உள்ளே இழுத்துச் செரித்துக்கொள்கின்றன. அதனால் கல்லீரல் மாதிரி தனியாக ஒரு சுரப்பியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தக் குடலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இதயம் பலவீனமானது என்பதால், கால்களில் ரத்தத்தையும் ஆக்சிஜனையும் நகர்த்துவது பெரும்பாலும் குடலின் அலையசைவுதான் என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. செவுள் கிடையாது, ஆக்சிஜன் மேல்தோல் வழியாகவே நுழைகிறது.

ஒரு எச்சரிக்கை. இனப்பெருக்க உறுப்பும் காலுக்குள்தான் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் நான்காவது கணு, அதாவது தொடைப்பகுதி, முட்டைகளால் புடைத்திருக்கும், உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் அது குடல் இல்லை.

சரி, நரம்பு. முதுகுப்பக்கமாகத் திறந்து, குடலை மெதுவாக விலக்கினால் உடம்பின் அடிப்பக்கத்தோடு ஒட்டி நரம்பு வடம் கிடக்கும். நீள உடம்புள்ள இனம் என்றால் ஒவ்வொரு கால் ஜோடிக்கும் ஒரு நரம்புமுடிச்சு (நரம்புச் செல்கள் திரண்ட முண்டு) தெளிவாகத் தெரியும், குட்டையான இனங்களில் அவை நெருக்கியடித்து நிற்கும், பிரித்தறிவது கஷ்டம். நிலத்துச் சிலந்தியில் எல்லாம் ஒரே கட்டியாக இணைந்திருக்கும், அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தேடினால் குழப்பம்தான். மூளை, கண்கள் அமைந்த முதுகுப்பக்க மேடான கண்மேட்டுக்கு நேர் கீழே, உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. அதிலிருந்து ஒரு வளையம் உணவுக்குழாயைச் சுற்றிக் கீழே இறங்கி வடத்தோடு சேர்கிறது. உறிஞ்சுகுழல் மூன்று பட்டையாக அமைந்தது, ஒவ்வொரு பட்டைக்கும் தனி நரம்பு உண்டு, ஆனால் முதல் முயற்சியிலேயே அதைத் தேட வேண்டாம்.

கையிலுள்ளது சின்ன மாதிரி என்றால் கத்தியே எடுக்காமல், ஒரு காலை மட்டும் கழற்றிக் கிளிசரினில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் கீழிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். தோல் தெளிந்ததும் குடல் கிளை தானாகத் தெரியும்.