நர்ஸ்கள் ஏன் எப்போது பார்த்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்? வெளிநாட்டிலும் இப்படித்தானா?

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், இப்போது புதுச்சேரியில். வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நர்சிங் வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதிவு எழுதவே போயிருந்தது.

எழுதுவது வெட்டி வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு நைட் டூட்டியில், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். நன்றாகத்தான் பேசினார். உடம்புக்குள் போன நீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து எழுதும் இன்டேக் அவுட்புட் சார்ட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலை டூட்டியில் 400 மில்லி இருந்த சிறுநீர் மதியம் 200 ஆகி, என் டூட்டியில் விடியற்காலை நான்கு மணி வரை வெறும் 60. உடனே டாக்டரை எழுப்பினேன். சிறுநீரகம் பிழைத்தது. மூன்று பேர் கையெழுத்து ஒரே தாளில் இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

வயிறு எரிவது வேறு வேலைகளுக்காக. படுக்கை விரிப்பு எண்ணுவது, இன்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் சீட்டு) போட்டுவிட்டு மருந்து வரும்வரை பார்மசிக்குப் போன் மேல் போன் போடுவது, காப்பீட்டுத் தாள்களுக்கு ஜெராக்ஸ் எடுப்பது. அட்டெண்டர் இல்லாத ஒரு நாள் ரத்த சாம்பிளை நானே கீழே லேபில் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். கட்டிலில் ஒரு பெரியவர், உதடு காய்ந்து, "நீ வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார். கேட்டது ஒரு வாய் தண்ணீர். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனியில் 43,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களிடம் கேட்டு 2001-இல் வெளியிட்டதிலும் இதே புலம்பல்தான்: சாப்பாட்டுத் தட்டு எடுக்கும் வேலை நம் தலையில், நோயாளியிடம் ஆறுதலாய் நாலு வார்த்தை பேச நேரமில்லை.

ஆள் எண்ணிக்கையும் ஒரு காரணம். கலிபோர்னியாவில் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று சட்டமே இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் நான் இருந்த வார்டில் இரவில் 24 பேருக்கு இருவர். சார்ட் எழுதும் வேலையை நாங்களே வைத்துக்கொள்கிறோம். விரிப்பையும் ஜெராக்ஸையும் பார்க்க வார்டுக்கு ஓர் ஆள் போட்டால் போதும், பெரிய மாற்றம் வரும்.

அப்புறம், உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால் யூரின் பையை நீங்களே காலி செய்துவிடாதீர்கள். சிஸ்டர் வந்து அளந்து எழுதும்வரை விட்டுவையுங்கள்.