மொரோனை பொம்மையில் பிரைமர் சொரசொரப்பு

புரோவோவில், மோர்மன் நூலில் வரும் போர்த்தளபதி கேப்டன் மொரோனையின் 28 மி.மீ. பொம்மைக்கு ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் மணல் தூவியதுபோல் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். யூட்டாவின் வறண்ட காற்றில் துளிகள் பொம்மையைத் தொடுமுன்பே காய்ந்து தூளாகிவிடுகின்றன. கேனை 2 நிமிடம் குலுக்கி, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, வெயில் ஏறுமுன் மெல்லிசாக இரண்டு பூச்சு அடியுங்கள். இன்னும் நெருங்கினால் கவச வேலைப்பாடு மூழ்கிவிடும்.

கொடியை மட்டும் பிளாஸ்டிக்கில் விடவேண்டாம். அது மொரோனை தன் அங்கியைக் கிழித்து, வாசகம் எழுதி உயர்த்திய கொடியல்லவா, கிழிசல் தெரிய வேண்டும். டிஷ்யூ தாளில் நீர் கலந்த பி.வி.ஏ. பசை (வெள்ளைப் பசை) தடவி, ஓரத்தைக் கையால் கிழித்து, ஈரத்திலேயே மடிப்பு கொடுங்கள். வாசகம் எழுதுவது மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) காய்ந்த பிறகுதான். பளபளப்பான பெயின்ட்மேல் பேனா மை இழுபடும்.